வறண்ட வானிலை, லேசான குளிர்

ஜனவரி நான்காம் தேதி காலை, பள்ளத்தில் இறங்கிய சசிரேகாவின் காலடியில் புல் நொறுங்கியது. கண்ணாடித் தூளை மிதித்தாற்போன்ற அந்தச் சத்தம், இரவில் உறைபனி விழுந்திருந்தால் மட்டும் கேட்பது. தேயிலை நாற்றங்காலைச் சுற்றியிருந்த புல்வெளி உப்பைத் தூவியது போல வெளுத்துக் கிடந்தது. ஓடைப் பக்கமிருந்து ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாடை மெல்ல வந்துகொண்டிருந்தது. கம்பளித் தொப்பிக்குள்ளும் காது மடல்கள் எரிந்தன. நான்கு மரக்கால்களில் நிற்கும் வெள்ளைப் பெட்டியின் கதவைத் திறந்து, உள்ளே மாட்டியிருந்த வெப்பமானியின் இடது குழாயைப் பார்த்தாள். இரவில் குளிர் எதுவரை இறங்கியதோ அங்கேயே நின்றுவிடும் நீல ஊசி, ஒன்பதில் நின்றது.

ஒன்பது டிகிரியில் புல் உறையாது.

அவளுக்கு இருபத்து நான்கு வயது. கிளென்மார்கன் சாலைக்குக் கீழே இருக்கும் அந்த எஸ்டேட்டின் ஆபீஸில் எழுத்தர். வாரத்தில் இரண்டு நாள் ஊட்டியில் ஆங்கில மாலை வகுப்புக்குப் போகிறாள். தினமும் பத்து வரி டைரி எழுதிப் பழகச் சொல்லியிருந்தார் ஆசிரியை. ஒன்று, இரண்டு என்று எண் போட்டால்தான் அவளுக்கு யோசிக்க வரும். போட்ட எண்ணை நம்பத்தான் வராது. அன்றும் பெட்டியின் முன் நின்று எண்ணினாள். முதலாவது, நேற்று காந்தத்தால் ஊசியைக் கீழே இழுத்துவிட மறந்திருக்கலாம். இல்லை, இழுத்துவிட்டதை டைரியில் எழுதியிருக்கிறாள். இரண்டாவது, குழாயில் பாதரசம் அறுந்திருக்கலாம். அறுந்திருக்கவில்லை. மூன்றாவது, அவள் கண். குனிந்து புல்லைத் தொட்டாள். விரல் நுனியில் வெள்ளைத் துகள் ஒட்டியது, பிறகு தண்ணீரானது.

ஒன்பது என்றே குறித்துக்கொண்டு மேடேறினாள்.

ஆபீஸில் ஹெட் கிளார்க் நவநீதன் அவளுக்காகவே காத்திருந்தார். குன்னூர் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. சென்ற ஆண்டு ஜனவரி நான்கு முதல் பதினொன்று வரை பள்ளத்து வானிலைப் பதிவின் நகல் ஒன்றை, பதிவு செய்தவர் கைப்படவே எழுதி, உண்மை என்று கையெழுத்திட்டு, பத்தாம் தேதி மாலைக்குள் கொடுத்தனுப்ப வேண்டும்.

"எட்டே எட்டு வரிம்மா. அந்த வாட்சர் பொண்டாட்டி மருதாம்பா மனு மேல மனுவாப் போட்டுக்கிட்டிருக்கு. இதை அனுப்பிட்டா அதோட முடிஞ்சுது," என்றார்.

பழைய பதிவேட்டை அவள் புரட்டினாள். சென்ற ஆண்டின் ஜனவரி நான்கில் அவளுடைய சீரான கையெழுத்தில் ஒன்பது என்று இருந்தது. குறிப்புக் கட்டத்தில், வறண்ட வானிலை, லேசான குளிர்.

அது அவள் பார்த்து எழுதியது அல்ல.

சென்ற ஆண்டு அந்தக் காலையில் பள்ளத்துக்குப் போகும் பாதையில் ஒரு காட்டெருமை நின்றிருந்தது. கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பி வந்து, முந்திய நாளின் அளவோடு அரை டிகிரி கூட்டி எழுதினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் எருமை இல்லை. ஆனால் முந்திய இரவு வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸில் வந்திருந்தாள். படுக்கையைவிட்டு எழ மனம் வரவில்லை. மூன்றாம் நாள் காரணம் தேடக்கூட இல்லை. உண்மை போலத் தெரிய வேண்டும் என்று ஒருநாள் ஒரு டிகிரி ஏற்றினாள், ஒருநாள் அரை டிகிரி இறக்கினாள். எட்டு நாள். எட்டாம் நாள் அளவைக் கட்டிலில் உட்கார்ந்தே எழுதினாள்.

மேட்டில் இருப்பவர்களுக்குப் பள்ளத்தின் குளிர் தெரியாது. காற்றில்லாத, வானம் தெளிந்த இரவுகளில் மேட்டின் குளிரெல்லாம் தண்ணீரைப் போல இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒரு போர்வை போதுமான இரவில் பள்ளத்தில் ஓடை உறையும். அதனால்தான் வெப்பமானியை அங்கே வைத்திருந்தார்கள். இரண்டு நாள் தொடர்ந்து நான்கு டிகிரிக்குக் கீழே போனால், இரவில் நாற்றங்காலைக் காக்கும் பள்ளத்து வாட்சரை மேலே கூப்பிட்டு ஃபேக்டரியில் படுக்கச் சொல்ல வேண்டும் என்பது எஸ்டேட் வழக்கம்.

அப்போது வாட்சராக இருந்தவர் பொன்ராஜ், மருதாம்பாளின் கணவர். ஆறாம் நாள் அவரே ஆபீஸுக்கு வந்து, தாங்க முடியாத பனி என்றும் மேலே வந்து படுத்துக்கொள்கிறேன் என்றும் கேட்டார். நவநீதன் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். பொஸ்தகத்தில் ஒன்பது டிகிரி என்று இருக்கிறது, சரக்கு இறங்கினால் அப்படித்தான் குளிரும் என்று சொல்லிச் சிரித்தார். பொன்ராஜ் ஒருமுறை சசிரேகாவைப் பார்த்தார். அவள் ஒரு உறைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றாம் தேதி காலை அவரை நாற்றங்கால் கொட்டகைக்குள் கண்டெடுத்தார்கள். கதவிடுக்கில் சாக்கு அடைத்திருந்தது. பக்கத்தில் கரிச் சட்டி. கரிப்புகையில் மூச்சடைத்து இறந்திருந்தார். அவருடைய கம்பளி அவர் மேல் இல்லை. வெளியே நாற்றுகளின் மேல் விரித்திருந்தது. பெரணி இலைகளையும் சாக்குகளையும் போட்டு மூடியது போக, மீதி நாற்றுகளுக்குக் கம்பளியைக் கொடுத்திருந்தார். அதனால் ஒரு நாற்றும் கருகவில்லை. ஆட்கள் பள்ளத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிப் புல் காய்ந்திருந்தது. பனி விழுந்ததற்கு எங்கும் ஒரு தடயம் இல்லை. லேசான குளிருக்கு யாராவது கரியை மூட்டிக்கொண்டு கதவை அடைப்பார்களா, குடித்துவிட்டுத்தான் செத்தான் என்று எஸ்டேட் எழுதி அனுப்பியது. அதை மறுத்து மருதாம்பாள் மனுப் போட்டாள். அவளை லைன் வீட்டில் இன்னும் ஓராண்டு இருந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஓராண்டு வரும் பதினொன்றாம் தேதியோடு முடிகிறது.

பொன்ராஜ் செத்த பின் ஒரு காலைகூட சசிரேகா அளவெடுக்கத் தவறியதில்லை. காய்ச்சலிலும் போயிருக்கிறாள்.

கடிதம் வந்த அன்றே நகலின் முதல் வரியை எழுதினாள். இன்னும் ஆறு நாள் இருக்கிறதே என்று மீதியை வைத்துவிட்டாள்.

ஐந்தாம் தேதி நீல ஊசி எட்டரையில் நின்றது. பதிவேட்டைப் பார்க்காமலேயே தெரியும், சென்ற ஆண்டும் எட்டரை. நாற்றங்காலோடு நின்றிருந்த வெண்மை இப்போது பாதையின் முதல் வளைவு வரை ஏறியிருந்தது. புது வாட்சர் முத்துராஜ் கொட்டகை வாசலில் செருப்பில்லாமல், உறைந்த புல்லின் மேல் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான். மேல்சட்டை இல்லை. கால் விரல்கள் மெழுகில் செய்தவை போலிருந்தன.

"குளுரலையா, முத்துராஜ்?" என்று கேட்டாள்.

"குளுருங்களா?" அவன் சுற்றும் பார்த்தான். "மார்கழி மாசமாட்டவே இல்லீங்க. நேத்து ராத்திரி போர்வையைக் காலால தள்ளி உட்டுட்டனுங்க."

அன்று நகலின் இரண்டாம் வரியை எழுதினாள்.

ஆறாம் தேதி ஃபேக்டரி ஸ்டோரிலிருந்து புது வெப்பமானி ஒன்றைக் கேட்டு வாங்கி, காலையிலேயே இறங்கிப் பழையதன் பக்கத்தில் மாட்டலாம் என்று போனாள். பெட்டியைத் திறந்தபோது உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. யாரோ இரவெல்லாம் தூங்கி, சற்று முன் எழுந்து போன அறையில் இருக்கும் சூடு. கம்பளியின் கவிச்சி. அதற்கு அடியில், மிக லேசாக, எரிந்த கரி. பழைய ஊசி ஒன்பதரையில் நின்றது. புது வெப்பமானியை அவள் கையில்தான் வைத்திருந்தாள். பள்ளத்துக் காற்றில் அதன் பாதரசம் பூஜ்யத்துக்குக் கீழே சுருங்கியிருந்தது. பெட்டிக்குள் மாட்டினாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஏறியது. நிதானமாக. ஒன்பதரைக்கு வந்து நின்றது.

அவள் கதவைச் சாத்தினாள். கொக்கி போட இரண்டு கையும் வேண்டியிருந்தது.

பனி இரண்டாம் வளைவைத் தாண்டியிருந்தது.

ஏழாம் தேதி கொழுந்து பறிக்கும் பெண்கள் கம்பளிச் சால்வை இல்லாமல் வேலைக்கு வந்தார்கள். தேயிலைத் தூர்களின் தலையெல்லாம் வெள்ளையாக இருந்தது. அதற்குள் வெறுங்கையை விட்டுப் பறித்தார்கள். நகக்கண்கள் நீலமாயிருந்தன. ஒருத்தியின் விரலில் தோல் வெடித்து, சிவப்பாக வாய் பிளந்திருந்தது, ரத்தம் வரவில்லை. இந்த வருசம் வெயிலு சீக்கிரமே வந்துட்டுதுங்க என்று அவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல வேளை, இலை கருகாது என்று அவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

எட்டாம் தேதி அவள் நகல் எழுதவில்லை. ஐந்தாம் வரியில் பேனாவை வைத்தாள், எடுத்துவிட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். ஊட்டியில் குளிர் குளிராகவே இருந்தது. ஜனங்கள் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக டீக்கடைகளை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல்களெல்லாம் அடைத்திருந்தன. எஸ்டேட் சாலைக்குத் திரும்பும் வளைவு வந்தது. பேசி வைத்துக்கொண்டது போல, எஸ்டேட் ஆட்கள் ஒவ்வொருவராக ஜன்னல்களைத் திறந்தார்கள். மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்தார்கள். ஒரு கிழவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, புழுக்கமாயிருக்குது என்றார். கத்தி போலக் காற்று வந்தது. சசிரேகா தன் இருக்கையில் சுருண்டுகொண்டாள்.

ஒன்பதாம் தேதி காலை பனி நேற்று இருந்த இடத்திலேயே இருந்தது. லைன் வீடுகளுக்குக் கீழே, வேலியோரம், கோடு கிழித்தாற்போல. ஒரு அடிகூட ஏறவில்லை.

அவள் அந்தக் கோட்டருகே நின்று எண்ணினாள். ஒன்று, நான்காம் தேதி ஒரு வரி எழுதினேன், பனி ஒரு வளைவு ஏறியது. இரண்டு, ஐந்தாம் தேதியும் அப்படியே. ஆறு, ஏழு, அப்படியே. நேற்று எழுதவில்லை. ராத்திரி ஏறவில்லை. எண்ணில் எங்காவது பிசகியிருக்கலாம் என்று திரும்பவும் முதலிலிருந்து எண்ணினாள். பிசகவில்லை.

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். சொன்னால் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாது. போலீஸ்கூட வரலாம். மருதாம்பாளுக்கு வீடு நிற்கும். பொன்ராஜுக்குப் பேர் நிற்கும். அவள் நவநீதனின் மேசை முன்னால் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, எழுதிட்டியா?"

"பாதி எழுதிட்டேன் சார்."

"நாலு வரியை நாலு நாளா எழுதறியே. ஊட்டியில என்னதான் சொல்லிக் குடுக்கறாங்க?"

அவள் போய் உட்கார்ந்து ஐந்தாம் வரியை எழுதினாள். ஆறாம் வரியையும் எழுதினாள். எழுத்து சீராகவே வந்தது.

பத்தாம் தேதி காலை ஏதோ பெருக்கும் சத்தம் கேட்டு விழித்தாள். விளக்குமாறு உரசும் சத்தம். அதோடு, நொறுங்கும் சத்தம். குவார்ட்டர்ஸ் முற்றத்தில் அவளுடைய அம்மா மகாலட்சுமி வெறுங்காலோடு உறைந்த தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். மெல்லிய நூல் புடவை. தோளில் சால்வை இல்லை. நேற்று வரை இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, எலும்பெல்லாம் குத்துது என்று முனகிய அம்மா.

சசிரேகா ஓடிப்போய்ப் போர்வையால் அவளைச் சுற்றினாள்.

"ஏஞ்சாமி, வேர்க்குது, எடு," என்று அம்மா போர்வையை உதறினாள். அவள் கை சசிரேகாவின் மணிக்கட்டில் பட்டது. கறிக்கடையில் தொங்கும் இறைச்சியைத் தொட்டது போலிருந்தது.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு மருதாம்பாள் ஆபீஸுக்கு வந்தாள். நவநீதன் வண்டிக்குச் சொல்லிவிட்டு வர வெளியே போயிருந்தார். மேசையில் நகல் இருந்தது, ஏழு வரிகளோடு. மருதாம்பாள் அதைப் பார்க்கவில்லை. படிக்கத் தெரியாதவள். பழைய கறுப்புச் சால்வையை இறுக்கிப் போர்த்தியிருந்தாள். அவள் உதடுகள் நடுங்கின. எஸ்டேட் முழுவதிலும் குளிர் தெரிந்த இன்னொரு உடம்பு. சசிரேகாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

"ஏனுங்க அம்மிணி," என்றாள் மருதாம்பாள். "நாளைக்குச் சாமானைத் தூக்கி வெளிய வெக்கச் சொல்லிட்டாங்க. அதைக் கேட்க வரலீங்க. ஊடு போனாப் போகுது."

சசிரேகா பேனாவுக்கு மூடி போட்டாள்.

"அவரு குடிக்கற ஆளே இல்லீங்க. அந்த வாரம் தினமும் காலையில ஊட்டுக்கு வந்தா, கை வெரலை நீட்டவே முடியாது. நாந்தான் தேச்சு உடுவேன். குடிகாரன் பொண்டாட்டின்னு எம்பட மூஞ்சிக்கு நேரா சொல்றாங்க. எனக்கே இப்பச் சந்தேகமா வருதுங்க, நான் தேச்சு உட்டது நெசந்தானான்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்கதான் தினமும் போய்ப் பார்த்து எழுதினீங்களாமா. நீங்க எழுதினது நெசந்தானுங்களா? அதை மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கேட்டுக்கறேன்."

சுவர்க் கடிகாரம் ஓடியது. வெளியே ஜீப்பைக் கிளப்பும் சத்தம். நவநீதனின் செருப்புச் சத்தம், வராந்தாவில்.

"நெசந்தாங்க," என்றாள் சசிரேகா.

மருதாம்பாளின் உதடுகளில் நடுக்கம் நின்றது. தோளிலிருந்த சால்வையை எடுத்து, மடித்து, கையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

நவநீதன் உள்ளே வந்தார். சசிரேகா எட்டாம் வரியை எழுதினாள். எட்டு டிகிரி. கீழே உண்மை நகல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பதினொன்று.

அவள் பள்ளத்துக்குப் போகவில்லை. பள்ளம் மேலே வந்திருந்தது.

கூரைகள் வெள்ளை. மரங்கள் வெள்ளை. கொடியில் தொங்கிய துணிகள் பலகைகளாக விறைத்திருந்தன. குழாயில் தண்ணீர் வரவில்லை. ஒரு பறவைச் சத்தம் இல்லை. அம்மாவின் கட்டில் காலியாக இருந்தது. கதவு திறந்து கிடந்தது.

அவள் ஓடினாள். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு. எல்லாரும் அங்கே இருப்பார்கள். எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். இப்போது. இப்போதாவது.

இருந்தார்கள். இருநூறு பேரும். வரிசையாக. மெல்லிய துணியில், வெறுங்காலில். முன் வரிசையில் முத்துராஜ். கடைசியில் அம்மா. நவநீதன் பேர்ப்புத்தகத்தோடு மேடையில் நின்றிருந்தார். அவர் வெள்ளைச் சட்டையில் கை இரண்டும் முழங்கைக்கு மேலே மடித்துவிடப்பட்டிருந்தன.

"நான் பொய் எழுதினேன்," என்று கத்தினாள். "ஒரு நாளும் போய்ப் பார்க்கலை. பனி விழுந்துச்சு. பொன்ராஜ் அண்ணன் குடிக்கலை. குளிருக்குத்தான் கரி போட்டாரு. எல்லாம் நான் எழுதினதால."

அவர்கள் திரும்பினார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில்.

"நீதானேம்மா கையெழுத்துப் போட்டே," என்றார் நவநீதன், அன்பாக.

வரிசையிலிருந்து மருதாம்பாள் முன்னே வந்தாள். கையில் சால்வை இல்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். ஓராண்டாக யாரும் பார்த்திராத சிரிப்பு.

"எதுக்குங்க அம்மிணி அழுகறீங்க? அவரு குடிச்சுட்டுத்தானுங்க செத்தாரு," என்றாள். "எனக்கு இப்ப நல்லா ஞாபகம் வந்துருச்சுங்க."

அவள் பேசியபோது அவள் இமை மயிரில் வெள்ளையாக ஏதோ இருந்தது. உருகவில்லை. கன்னத்தில் இருந்தது. உருகவில்லை. கீழுதட்டில், ஈரத்தின் மேல், இருந்தது.

சசிரேகா அழுதாள். அவள் வாயிலிருந்து ஆவி வந்தது. புகை போல, அடர்த்தியாக, முகத்துக்கு முன்னால் எழுந்து கலைந்தது. அப்போதுதான் பார்த்தாள்.

வேறு யார் வாயிலிருந்தும் வரவில்லை.

இருநூறு பேர். பேசுகிறார்கள். சிரிக்கிறார்கள். காற்று அவர்கள் முகங்களுக்கு முன்னால் தெளிவாக இருந்தது.

அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. அவள் வாய்க்கு முன்னால் எழும் ஆவியைப் பார்த்தார்கள். முத்துராஜ் தலையைச் சாய்த்துப் பார்த்தான். வரிசை கலைந்தது. புல் நொறுங்க, ஒவ்வொருவராக அருகில் வந்தார்கள். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏங்கண்ணு," என்றாள் அம்மா கவலையோடு. "வாயிலிருந்து பொகை வருதே உனக்கு."

கையை நீட்டி, மெதுவாக, அவள் வாயைப் பொத்தினாள்.